டிக்கெட்டில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்

டிராவல் ஏஜென்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அப்பா அம்மாக்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறீர்கள். சாப்பாடு வெஜ்ஜா நான்வெஜ்ஜா, வீல்சேர் வேண்டுமா, எல்லாம் கேட்கிறீர்கள். எந்த ஊரில் இமிகிரேஷன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன வருடம் என் அம்மா டல்லாஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார். நாலாயிரம் ரூபாய் குறைகிறது என்று ஏஜென்ட் ஒரு வழி சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். அமெரிக்காவில் வேறொரு ஊரில் இறங்கி, ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம். ஆனால் அந்த நாட்டில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன். டல்லாஸ் வரை டேக் ஒட்டிய பெட்டியையும் அங்கேயே பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அப்புறம் இன்னொரு செக்யூரிட்டி. அம்மா பாதி வரிசையைத் தாண்டுவதற்குள் டல்லாஸ் விமானம் போய்விட்டது. 23 கிலோ பெட்டிகள் இரண்டையும் யாரோ ஒரு தெலுங்குப் பையன்தான் இறக்கிக் கொடுத்தானாம்.

துபாயிலிருந்தும் தோகாவிலிருந்தும் டல்லாஸுக்கு நேரடி விமானம் உண்டு. அதில் போயிருந்தால் இமிகிரேஷன் டல்லாஸில்தான். வரிசையில் இரண்டு மணி நேரம் ஆனால்தான் என்ன? தவறவிட விமானம் இல்லை, வெளியே தம்பி நிற்பான்.

இன்னொரு வழி அபுதாபி. 2014 முதல் அங்கேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டையும் முடித்து அனுப்புகிறார்கள். அயர்லாந்தில் டப்ளினிலும் ஷானனிலும் இதே ஏற்பாடு. பெட்டியின் படத்தைத் திரையில் காட்டி 'உங்களுடையதா' என்று கேட்பார்கள். ஊறுகாய் விசாரணையும் அங்கேயே முடிந்துவிடும். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கிப் போகலாம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேரே கடைசி ஊருக்குப் போகும். அபுதாபியிலும் வரிசை உண்டுதான். அமெரிக்க விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் நேரத்தில் அது நீளும். அதனால் அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பா போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. பாரிஸுக்கு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் இமிகிரேஷன் ஃபிராங்க்ஃபர்ட்டில்.

திரும்பி வரும்போது நிற்கும் வரிசைக்கு அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தானியங்கி கேட் வழியே போகலாம். கட்டணம் இல்லை. சென்னையில் 2025 ஜனவரியில் வந்தது, அதே வருடம் திருச்சிக்கும் வந்துவிட்டது. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பிரிண்ட் எடுத்த டிக்கெட்டின் ஓரத்தில் பேனாவால் 'இமிகிரேஷன் அபுதாபியில், பெட்டி எடுக்க வேண்டாம்' என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைத்தான் அம்மா வழியெல்லாம் கைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

நவம்பரில் மறுபடியும் போகிறார். அபுதாபி வழி என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்