கதவு தட்டுற பசங்களுக்கும் உட்கார ஒரு இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், எங்க அபார்ட்மென்ட் கேட்ல ஒரு பையன் டெமோ பேக்க தோள்ல மாட்டிக்கிட்டு வந்து நின்னான், விக்க வரலண்ணே, பாத்ரூம் மட்டும் போயிட்டு வந்துடுறேன்னு வாட்ச்மேன்கிட்ட கெஞ்சினான், சேல்ஸ்மேன உள்ள விடக்கூடாதுனு அசோசியேஷனே போர்டு மாட்டிருக்கு, அவரு என்ன பண்ணுவாரு, முடியாதுனுட்டாரு. நான் கீழ இறங்கி வர்றதுக்குள்ள பையன் தெருமுனைய தாண்டிட்டான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

நானும் 1996ல இருந்து நாலு வருஷம் மதுரைல வீடு வீடா வாக்குவம் கிளீனர் வித்தவன். காலைல மீட்டிங், டார்கெட்ட சத்தமா சொல்லச் சொல்லி கைதட்ட வெப்பாங்க, அப்புறம் ஏரியா பிரிச்சு அனுப்பிருவாங்க. நாப்பது கதவு தட்டினா அஞ்சு திறக்கும், ஒரு வீட்ல டெமோ காட்ட விட்டா பெரிசு. மெத்தைல இருந்த தூசிய எடுத்து வெள்ளைத் துணில கொட்டி காட்டுவோம், அந்தக்காவுக்கு ஆசையாத்தான் இருக்கும், அவரு வரட்டும் கேட்டுச் சொல்றேன்பாங்க, சாயங்காலம் திரும்பப் போனா அவரு வாசல்லயே வேணாம்பாரு. சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான், பஸ்ஸுக்கு நம்ம காசு. கஸ்டமர் செக் திரும்பிருச்சுன்னா குடுத்த கமிஷனையும் அடுத்த மாசம் பிடிச்சுக்குவாங்க.

அதெல்லாம் கூட தாங்கிக்கலாம் சார், உச்சி வெயில்தான் தாங்க முடியாது. கோயில் நடை சாத்திருக்கும், டீக்கடைல ஒரு டீக்கு மேல உட்கார முடியாது, பாத்ரூமுக்கு இடமில்லனு தண்ணியே குடிக்க மாட்டோம். எனக்கு கிட்னில கல்லு வந்தது அந்த நாலு வருஷத்துலதான். இப்ப பொம்பளப் பிள்ளைங்களும் இந்த வேலைக்கு வருதுங்க, அதுங்க பாடு என்னனு நினைச்சுப் பாருங்க.

கடைல வேலை பாக்குறவங்க உட்கார சேர் போடணும்னு தமிழ்நாடு அரசு 2021ல சட்டத்த திருத்துச்சு. தெருத்தெருவா நடக்கிறவனுக்கு எங்க சேர் போடுறது? டெலிவரி ஊழியர்களுக்கு 2023ல நலவாரியம் வந்துச்சு, 2025ல சென்னை அண்ணா நகர்ல ஏசி ஓய்வறையும் வந்துச்சு, பாத்தப்ப மனசு நிறைஞ்சு போச்சு. அதே மாதிரி ரூம் மதுரைலயும் வேணும், அதுல பேக் மாட்டின சேல்ஸ்மேனையும் உட்கார விடணும், கமிஷனுக்கு உழைக்கிற இவங்களையும் ஒரு நலவாரியத்துல சேக்கணும்னு உங்க பேப்பர் மூலமா அரசாங்கத்த கேட்டுக்கிறேன்.

வீட்ல தனியா இருக்கிற பொம்பளைங்க பயப்படறது நியாயம், சேல்ஸ்மேன் வேஷத்துல திருட வந்தவங்களும் உண்டு. 2021 டிசம்பர்ல வந்த மத்திய அரசோட நேரடி விற்பனை விதியே ஐடி கார்டு இல்லாம, முன்கூட்டி கேக்காம வீட்டுக்குப் போகக்கூடாதுனுதான் சொல்லுது. கார்ட கேளுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க, ஆனா நாய அவுத்து விடாதீங்க.

எங்க அசோசியேஷன்ல பேசி கேட்டுக்கு வெளிய ஒரு பெஞ்சும் தண்ணி கேனும் வெச்சாச்சு. வாட்ச்மேன் பாத்ரூம திறந்து விடறதுக்கு மட்டும் ரெண்டு வீட்டுக்காரங்க இன்னும் ஒத்துக்கல, அடுத்த மீட்டிங்ல திரும்பவும் கேக்கப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சேல்ஸ்மேன், மதுரை.