இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு

சனிக்கிழமை நம் கிளைடர் களத்தில் இடிமேகம் வந்தபோது நடந்ததை உங்களில் பலர் கூடவே இருந்து பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். மேலே போன எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள், எஞ்சின் இல்லாமல் பறக்கும் நம் கிளைடர்கள் எதற்கும் சேதமில்லை. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில், அறிமுகப் பறத்தலுக்கு வந்திருந்த அந்த அம்மாவுக்கு. (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.) காலையில் மேகம் தாழ்ந்து கிடக்கிறது என்று அவரைக் காக்க வைத்தோம். வெயில் வந்ததும் காற்று திசை மாறியது. கிளைடரைக் கேபிளால் இழுத்து மேலே ஏற்றும் வின்ச்சை ஓடுபாதையின் மறுமுனைக்குக் கொண்டுபோகும்வரை மறுபடியும் காத்திருந்தார். ஒருவழியாக அவர் முறை வந்தபோது அந்தக் கறுப்பு மேகமும் வந்தது. காரில் ஏறிப் போயிருக்கலாம். அவரோ நேரே இரட்டை இருக்கை கிளைடரிடம் வந்து, "எந்தப் பக்கம் அழுத்தணும்?" என்று கேட்டார்.

கிளைடரோடு பழகாதவர்களுக்கு இது சின்ன உதவியாகத் தெரியலாம். அந்த வகைக் கிளைடரின் வெற்று எடை சுமார் 360 கிலோ, இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். மணிக்கு 65, 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இறக்கைமேல் ஓடினாலே எழும்பிவிடும். இடிமேகத்துக்கு முன்னால் பாய்ந்து வரும் காற்று அந்த வேகத்தைச் சுலபமாகத் தொடும். உள்ளே விமானி இருக்கிறாரா என்று பார்க்காது. அதனால்தான் காற்று வரும் பக்கத்து இறக்கை நுனியைத் தரையோடு அழுத்தி வைக்க ஆள் வேண்டும். எங்களுக்கோ, இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்காகப் பாதையைக் காலி செய்யவே ஆள் போதவில்லை. கட்டுக்கயிறும், இறக்கைமேல் பாரமாக வைக்கும் டயர்களும் வந்து சேரும்வரை அவர் அசையவில்லை. அதற்குள் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

கேபிளை உடனே சுருட்டிய வின்ச் ஓட்டுநர், ரேடியோவில் குரல் உயர்த்தாமல் ஒவ்வொருவரையும் இறக்கிய பயிற்றுநர், இறங்குவதற்கான சுற்றுப்பாதையை விட்டு விலகிக் காத்திருந்த எஞ்சின் விமானக்காரர்கள், வயலில் இறங்கியவரைத் தேடி டிரெய்லரோடு போனவர்கள், நனைந்துகொண்டே கயிறு கட்டிய மாணவர்கள்: அனைவருக்கும் நன்றி. சொல்லாமலே ஓடி வந்தீர்கள்.

அம்மா, கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதற்கு, "பறந்துட்டு அப்புறம் பேசலாம்" என்றீர்கள். சரி. அடுத்த நல்ல நாளில் முதல் கேபிள் உங்களுக்குத்தான். அன்றைக்கு உங்கள் கிளைடர் கிளம்பும்போது இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடப்போவது நான்.