கையால் கதைக்கும் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

மகள் வேலைக்குப் போவதால் பதினொரு மாதப் பேரன் பகலில் என்னோடுதான். பக்கத்து வளவில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஸ்டார்ட் ஆனால் வீரிட்டுக் கத்துவான். ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் உள்ளங்கையால் தட்டி, "பயமா அப்பு?" என்று கேட்டு வந்தேன். மூன்று கிழமை ஒன்றுமில்லை. அப்புறம் ஒருநாள் சத்தம் கேட்டதும் அழாமல் என்னைப் பார்த்துத் தன் நெஞ்சில் தட்டினான். தூக்கி வைத்துக்கொண்டேன், அடங்கிவிட்டான். இப்போது தாத்தா தும்மினாலும் தட்டுகிறான், அது வேறு கதை.

"இப்படிக் கைச்சாடை பழக்கினால் கதை பிந்தும்" என்கிறார்கள் அயலவர்கள். அமெரிக்காவில் லிண்டா அக்ரெடோலோவும் சூசன் குட்வினும் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். சாடை பழகிய பிள்ளைகளுக்குப் பேச்சு பிந்தியதாக அவர்கள் காணவில்லை. சாடையோடு சொல்லையும் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டாட்டா காட்டப் பழக்குகிறோமே, அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

மாதாமாதம் நிறை பார்க்கும் கிளினிக்கில் தாய்மார் வரிசையில் சும்மாதான் இருக்கிறார்கள். பயம், நோவு, பசி, போதும் என்ற நாலு சாடையை அங்கே குடும்பநல உத்தியோகத்தர்கள் காட்டிக்கொடுத்தால் என்ன?

ஓர் அம்மம்மா,
விசுவமடு.