ரூத் சொல்ல, ஜான் ஹியூஸ் எழுத

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வேல்ஸ் நாட்டுப் பக்திக் கவி ஆன் கிரிஃபித்ஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய விஷயம். கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனாலும் ஒரு குறை மனசை விட்டுப் போகவில்லை. மலைநாட்டுப் பண்ணை வீடு ஒன்றில் யாருக்கும் தெரியாமல் தனியாக உட்கார்ந்து பாடிவிட்டுச் செத்துப்போன பெண் என்றே அவரைக் காட்டியிருக்கிறார். அவர் அப்படித் தனியாக இருந்திருந்தால் ஏறக்குறைய எதுவுமே நம் கைக்கு வந்திருக்காது.

அதற்கு முன் ஒரு திருத்தம். கட்டுரையில் ஜான் ஹியூஸ் என்ற பெயரில் இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள். 'கும் ரோந்தா' மெட்டை அமைத்தவர் 1873இல் பிறந்த ஜான் ஹியூஸ். அந்த மெட்டு 1907இல்தான் வந்தது. ஆனின் மிகப் புகழ்பெற்ற பாட்டை வேல்ஸ்காரர்கள் இன்று அந்த மெட்டில் பாடுகிறார்கள், அதனால் வந்த குழப்பம் இது. ஆனின் நண்பர், போன்ட்ரோபர்ட் ஊர் ஜான் ஹியூஸ், நூறு வருஷம் முந்தியவர் (1775–1854). நெசவு கற்றவர், சொந்த முயற்சியில் படித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனவர், தாமும் பாட்டுக் கட்டியவர், பின்னாளில் மெத்தடிஸ்ட் போதகர். ஆனின் வீடான டோல்வார் வாக்கில் சில மாதங்கள் தங்கியும் இருந்திருக்கிறார். நான் சொல்ல வந்தது இவரைப் பற்றியும் இவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றியும்தான்.

அந்த வட்டத்தின் பெரியவர் பாலா ஊர்ப் போதகர் தாமஸ் சார்லஸ். இந்தப் பெயர் நம் ஊரில் பலருக்குத் தெரிந்ததுதான். 1800இல் வேதப்புத்தகம் வாங்க மலைப்பாதையில் வெறுங்காலோடு நடந்துபோன மேரி ஜோன்ஸ் கதையை ஓய்வுநாள் பாடசாலையில் கேட்காத பிள்ளை உண்டா? அந்தச் சிறுமி தேடிப் போனது இதே தாமஸ் சார்லஸைத்தான். அதே காலத்தில் ஆனும் தோழிகளும் இருபது மைலுக்கு மேல் நடந்து, அவர் கையால் திருவிருந்து வாங்க பாலாவுக்குப் போய் வந்தார்கள். ஊருக்குத் திரும்பினால் வாராவாரம் 'செயட்' என்ற சிறு கூட்டம். அங்கே ஒவ்வொருவரும் தன் உள்ளத்தில் நடப்பதை எழுந்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சொல்லி முடியாததைக் கடிதத்தில் எழுதினார்கள்.

ஆனின் கடிதங்களில் எட்டு மிஞ்சியிருக்கின்றன. ஏழு ஜான் ஹியூஸுக்கு எழுதியவை. அவற்றை அவர் தம் நோட்டில் பிரதி எடுத்து வைத்ததால் பிழைத்தன. எட்டாவது எலிசபெத் எவன்ஸ் என்ற தோழிக்கு. அது ஆனின் கையெழுத்திலேயே இருக்கிறது. இந்தக் கடிதங்களில் வீட்டு விவகாரம் எதையும் தேடாதீர்கள். பால் கறந்ததும் கம்பளி நூற்றதும் அங்கே இல்லை. ஒரு வசனம் மனசில் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் பேச்சு. பரிசுத்த ஆவியானவரைப் பிதாவுக்கும் குமாரனுக்கும் கீழே நிற்கும் ஊழியர்போல இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று ஒரு கடிதத்தில் வெட்கப்படுகிறார். இருபது சொச்சம் வயசுப் பண்ணை வீட்டுப் பெண் இந்த ஆழத்துக்குப் போய் எழுதுகிறார் என்றால், எதிரே அதைப் புரிந்துகொண்டு பதில் எழுத ஆள் இருந்தது என்று அர்த்தம்.

அப்புறம் ரூத். கட்டுரையில் 'ஒரு வேலைக்காரி' என்று ஒரே வரியில் வந்துபோகிறார். எனக்கு இதுதான் மிகவும் வலித்தது. ரூத் எவன்ஸ் டோல்வார் வாக்கில் வேலை செய்தவர், எழுதத் தெரியாதவர். ஆன் பாட்டைக் கட்டி வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, கூட இருந்து கேட்டு மனசில் பதித்துக்கொண்டார். 1805 மே மாதம் ரூத்துக்கும் ஜான் ஹியூஸுக்கும் கல்யாணம் நடந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் ஆன் பிரசவத்தை அடுத்து இறந்தார். வயசு 29. பிறந்த பெண் குழந்தையும் பிழைக்கவில்லை. ரூத் ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு பாட்டாகச் சொல்ல, ஜான் ஹியூஸ் எழுதிக்கொண்டார். தாமஸ் சார்லஸின் முயற்சியால் 1806இலேயே அவை அச்சேறின. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட கண்ணிகள், அவ்வளவுதான் மொத்தமும். எங்கள் ஆச்சிக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. கீர்த்தனைகளை அடி பிசகாமல் பாடுவார். அதனால் ரூத்தின் ஞாபகத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஆனின் கையெழுத்தில் நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பாட்டு. எலிசபெத்துக்கு எழுதிய அந்தக் கடிதத்தோடு இருப்பது. உலகத்தில் என் வழி இயல்புக்கு முற்றிலும் மாறானது, ஆனாலும் சிலுவையைக் கிரீடமாக எண்ணி உபத்திரவத்திலும் மகிழ்ச்சியாக நடப்பேன் என்று போகிறது அது. கடைசி அடியைக் கட்டுரையாளர் 'மக்கள் வசிக்கும் ஒரு நகரத்துக்கு நேரான சாலை' என்று பெயர்த்திருக்கிறார். பொருள் தப்பில்லை, ஆனால் பாட்டின் உயிர் போய்விட்டது. அந்த அடி 107ஆம் சங்கீதத்தின் ஏழாம் வசனம். வேல்ஸ் மொழி வேதத்தில் உள்ள சொற்களையே எடுத்து ஆன் போட்டிருக்கிறார். நம் வேதத்தில் அதே வசனம் எப்படி இருக்கிறது? "தாபரிக்கும் ஊருக்குப் போய்ச்சேர, அவர்களைச் செவ்வையான வழியிலே நடத்தினார்." சரி, இதைவிட என்ன வேண்டும்? எவ்வளவு சிக்கலாய்த் தெரிந்தாலும் இது தாபரிக்கும் ஊருக்குப் போகும் செவ்வையான வழி என்று எழுதினால் வேதம் வாசிக்கிற எந்தத் தமிழருக்கும் உடனே நெஞ்சில் தட்டும். எலிசபெத்துக்கும் அப்படித்தான் தட்டியிருக்கும்.

'கும் ரோந்தா' மெட்டில் பாடுகிறார்கள் என்றேனே, அந்தப் பாட்டிலும் இதே கதைதான். மரங்களுக்கு நடுவே நிற்பவர் என்று கட்டுரையில் இருக்கிறது. அவை வேதத்தில் சகரியா தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட மிருதுச்செடிகள். 'சாரோனின் ரோஜா', 'வெண்மையும் சிவப்புமானவர்', 'பதினாயிரம் பேர்களில் சிறந்தவர்' எல்லாம் உன்னதப்பாட்டிலிருந்து வருபவை. ஆனும் ஜான் ஹியூஸும் ரூத்தும் இந்தச் சொற்களில்தான் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலம் வழியாகப் போய் வராமல், நம் வேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

இன்னொருவரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே போன்ட்ரோபர்ட் பக்கத்து ஜான் டேவிஸ், ஜான் ஹியூஸின் நண்பர். 1800இல் மிஷனரியாகக் கப்பலேறி, அடுத்த வருஷம் தஹிதி தீவில் இறங்கினார். அந்த மொழியைக் கற்று அகராதி தொகுத்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை. பாதி உலகத்தைச் சுற்றி, கப்பல் கிடைத்தபோதெல்லாம் இந்த இருவருக்கும் கடிதம் போய் வந்தது. ஜான் ஹியூஸ் 1854 ஆகஸ்டில் போன்ட்ரோபர்ட்டில் இறந்தார். ஜான் டேவிஸ் அடுத்த ஆகஸ்டில் தஹிதியில். இடையில் 1846இல், ஆன் இறந்து நாற்பது வருஷம் கழித்து, எழுபது வயசைத் தாண்டிய ஜான் ஹியூஸ் ஒரு பத்திரிகையில் ஆனின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். ஆன் கிரிஃபித்ஸைப் பற்றிப் பின்னால் வந்த எழுத்தெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பாட்டுகளைத் தொடர்ந்து வெளியிடப் போவதாகக் குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அவற்றோடு அந்த எட்டுக் கடிதங்களையும் தமிழில் கொண்டுவாருங்கள். எட்டும் சேர்ந்தால்கூட ஒரு இதழில் சில பக்கங்களுக்கு மேல் வராது. எலிசபெத்துக்கு எழுதியதை முதலில் போடுங்கள். ரூத் எவன்ஸின் பெயரையும், ஜான் ஹியூஸின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை