நிகிலுக்குப் பதினாறரை ஆகுமுன்

அன்புள்ள கவிதாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மொட்டை மாடி ஒழுகல் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

போன வாரம் போனில், என்.ஆர்.ஐ. கோட்டாவில் இன்ஜினியரிங் சீட்டுக்கு எப்போது அப்ளை பண்ணணும் என்று கேட்டாய். யாருக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருகிற ஐப்பசியில் உன் பிள்ளை நிகிலுக்கு 16 முடிகிறது. சித்திரை வந்தால் பதினாறரை. அந்த வயசில் சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது ஆண் பிள்ளைகளுக்கான கட்டாய ராணுவ சேவைக்கு, நோட்டீஸ் வரும் என்று காலேஜில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) நடத்தின உன் அம்மாவுக்குத் தெரியாதா?

மாப்பிள்ளைக்கு அந்தக் கடமை இல்லை, வேலையை வைத்து முதலில் பி.ஆர். (நிரந்தரவாசி உரிமை) வாங்கியவர். பிள்ளை உங்கள் வழியாகப் பி.ஆர். ஆனவன், இரண்டாம் தலைமுறைக் கணக்கில் வருகிறான். பதினாறரையில் பதிவு, 18 ஆனதும் சேர்ப்பு, முழுசாக இரண்டு வருஷம். 2004க்கு முன்னால் இரண்டரை. அதோடும் விடாது, பிறகு பத்து வருஷத்துக்கு, வருஷம் 40 நாள் வரை கூப்பிடலாம். நம்ம பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலோ பாலிடெக்னிக் டிப்ளமோவோ முடிக்க விடுவார்கள். யூனிவர்சிட்டி படிப்புக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். அதனால் இங்கே நாலு வருஷம் படித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்கிற கணக்கு ஓடாது. பதினாறரைக்கு மேல் மூன்று மாசமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கணும் என்றால் எக்சிட் பர்மிட்டோடு பிணையும் கட்டணும். குறைந்தது 75,000 சிங்கப்பூர் வெள்ளி, அல்லது உங்கள் இருவர் வருஷ வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அவன் பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால், நாளைக்கு அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ கேட்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பி.ஆர்.காரர்கள் வெளிநாடு போய்த் திரும்பி வர வைத்திருக்கிற ரீஎன்ட்ரி பர்மிட்டை நீங்கள் இருவரும் புதுப்பிக்கும்போதும் இடிக்கலாம். அதையும் தெரிந்து எடுக்கிற முடிவென்றால் நான் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லாத துணிச்சலோடு போய் வேலை தேடி, வீடும் வாங்கினவள் நீ. அந்தத் துணிச்சல்காரி இப்போது ஒரு நோட்டீசுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளே என்றுதான் ஆத்திரமாக வருகிறது.

கட்டாயச் சேவை நல்லதா என்று கேட்டால் எனக்கு ஒரே பதில் இல்லை. இங்கேயும் கொண்டு வரணும் என்று உன் பெரியப்பா விடாமல் சொல்கிறார். நம் அரசியலமைப்பின் 23(2) பிரிவு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு கோடிப் பிள்ளைகளுக்கு மேல் 18 தொடுகிற நாட்டில் எங்கே தங்கவைப்பது, யார் கற்றுக்கொடுப்பது? என்.எஸ்.எஸ்.ஸில் கேட்பதே இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரமும் ஒரு ஏழு நாள் முகாமும்தான். சர்டிபிகேட்டுக்கு என்று வந்துவிட்டால் மணி நேரம் ரிஜிஸ்டரில் மட்டும் ஏறும். நூறு பேருக்குப் பத்து மண்வெட்டி கொடுத்தால் தொண்ணூறு பேர் செல்பி எடுப்பார்கள். ஏரிக்கரைச் சீமைக் கருவேலத்தை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு வருவார்கள், அடுத்த மழைக்கு அது நாலு கிளையாகத் தழைக்கும். வேரோடு எடுக்க ஜே.சி.பி. வேண்டும், அதற்கு முன்கூட்டியே பஞ்சாயத்தில் பேசி வைக்கணும். 2015 வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு வந்து ஆட்களை ஏற்றினார்களே, யார் கட்டாயப்படுத்தினார்கள்? தண்ணீரில் படகு விடத் தெரிந்தவர்கள், வந்தார்கள்.

சிங்கப்பூரில் அது செல்லுபடியாவதற்குக் காரணம், பணக்காரன் பிள்ளைக்கும் அதே மொட்டை, அதே கட்டில். வேலையும் பழக்கிக் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாயமில்லை என்பது எனக்குச் சம்மதமில்லை, அது வேறு பேச்சு.

நிகில் சேவைக்குப் போவதானால் இப்போதே ஓட்டப் பயிற்சி ஆரம்பிக்கச் சொல். உடல்தகுதித் தேர்வு மூன்றே அயிட்டம்: ஒரு நிமிஷம் புஷ்அப், ஒரு நிமிஷம் சிட்அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். சேருமுன்னே 61 மதிப்பெண் எடுத்துவிட்டால் சேவையில் எட்டு வாரம் குறையும். கடைசி மாசம் ஓட ஆரம்பித்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வந்து படுத்துவிடுவான். வாரம் மூன்று நாள், மெதுவாக, ஆனால் இப்போதிருந்தே. மெடிக்கல் செக்கப்பில் சின்ன வயசு வீசிங்கை மறைக்க வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம். எந்தப் பிரிவு என்பதை அதை வைத்துத்தான் போடுவார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி என் பீரோவில் இருக்கிறது, ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். சாப்பாடு பற்றி மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம், சைவம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் பயிற்சி முகாம் இருக்கிற தெக்கோங் தீவிலும் கிடைக்கும். ஓட்டத்தை மட்டும் விட்டுவிடாதே.

என்.ஆர்.ஐ. சீட் தேதியை விசாரித்து வைக்கிறேன், நீ கேட்டதற்காக. நீயும் மாப்பிள்ளையும் பேசியதை எனக்கு நாலு வரி எழுது. நிகிலைக் கேட்டீர்களா இல்லையா என்பதையும் அதிலேயே எழுது.

அம்மா