‘எத்தனை இன்ச்?’ என்று கேட்கும் கடைக்காரர் ‘எவ்வளவு சுமை?’ என்று கேட்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே காப்பியும் மிளகும் மலைவாழையும் பயிரிட்டு வாழும் விவசாயி நான். தோட்டத்துக்குப் போகும் கடைசி நான்கு கிலோமீட்டர் தார் காணாத வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வழியின் நடுமேடு ஓர் அடிக்குக் குறையாமல் எழுந்து நின்றுவிடும். வண்டியின் அடிப்பாகம் அதில் உரசி, என்ஜினுக்குக் கீழே உள்ள காப்புத் தகடு இருமுறை கிழிந்த பிறகே, 2021-இல் வாங்கிய என் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பின் சஸ்பென்ஷனை (சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் அமைப்பை) ஒன்றரை இன்ச் அளவுக்கு, அதாவது சுமார் 40 மில்லிமீட்டர், உயர்த்த முடிவு செய்தேன். அலங்காரத்துக்காகவோ பிறர் பார்வைக்காகவோ செய்ய நினைத்த வேலை அல்ல அது. அதற்கான பாகங்களைத் தேடி அலைந்த எட்டு மாதங்களில் நான் அறிந்தவற்றை, என்னைப் போலவே மலையிலும் காட்டு ஓரங்களிலும் பிக்கப் ஓட்டுகிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதாலும், அரசு கவனிக்க வேண்டிய ஒரு குறை இதில் இருப்பதாலும், தங்கள் நாளிதழ் வழியாக எழுதுகிறேன்.

முதலில் என் பணம் போன கதை. வெளிமாநிலத்தில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் ‘2021 டி-மேக்ஸ்’ என்று சொல்லி முன்பக்கத்துக்கு ஷாக் அப்சார்பரும் (குலுக்கலை அடக்கும் உருளை) காயில் ஸ்பிரிங்கும் (சுருள்வில்), பின்பக்கத்துக்கு ஷாக்கும் பிளேட் செட்டும் (அடுக்கிய எஃகுப் பட்டைகளால் ஆன வில்) கேட்டேன். போக்குவரத்தும் வரியும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். ஏழு வாரம் கழித்து வந்த முன் ஷாக்கின் அடிப்பகுதி வண்டியின் கீழ் ஆர்மில் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையில்) உட்காரவே இல்லை. காரணத்தை வத்தலக்குண்டில் இருக்கும் மெக்கானிக் ஒருவர் பெட்டியில் ஒட்டியிருந்த பாக எண்ணை வைத்தே கண்டுபிடித்தார். தாய்லாந்தில் 2019 அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவில் 2020-லும் டி-மேக்ஸின் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. இந்தியாவில் 2021-இல் விற்கப்பட்டதோ 2011-இல் தாய்லாந்தில் அறிமுகமான முந்தைய தலைமுறை. ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஆனால் அடியில் வேறு வண்டி. அந்தப் பாகங்கள் 2021-ஆம் ஆண்டின் தாய்லாந்து வண்டிக்குச் சரியானவைதாம். விற்றவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் ‘எந்தத் தலைமுறை?’ என்றாவது கேட்டிருக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆண்டைச் சொல்லிப் பாகம் கேட்பது போதாது. பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணையும், கழற்றிய பழைய பாகத்தின் எண்ணையும், முன் ஷாக்கின் மேல்முனை, கீழ்முனை இரண்டின் படத்தையும் அனுப்பிய பிறகே பணம் கட்ட வேண்டும். உறவுள்ள வண்டிகளிலும் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் அதே இசுசு நிறுவனம் விற்ற எம்யு-எக்ஸ் காரின் பின்பக்கத்தில் பிளேட் கிடையாது, காயில் ஸ்பிரிங்தான் உண்டு. ஆகவே ‘டி-மேக்ஸுக்கும் எம்யு-எக்ஸுக்கும் பொருந்தும் முழு செட்’ என்று ஒருவர் விற்றால் அவர் முன்பக்கத்தை மட்டும் எண்ணிப் பேசுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது இந்த இழப்பு அல்ல. நான் பேசிய பதினொரு விற்பனையாளர்களில் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி ‘எத்தனை இன்ச் வேண்டும்?’ என்பதே. ‘வண்டியில் நிலையாக எவ்வளவு சுமை இருக்கும்?’ என்று கேட்டவர் ஒரே ஒருவர். சஸ்பென்ஷன் உயரம் என்பது ஸ்பிரிங்கின் வலிமையும் வண்டி சுமக்கும் எடையும் சேர்ந்து தீர்மானிக்கிற ஒன்று. நான்கு காப்பி மூட்டை, கவாத்துக் கருவிகள், உடன் வரும் ஆட்கள் என்று என் வண்டியில் நாள்தோறும் ஏறும் எடைக்குப் பொருத்தமான பிளேட், எப்போதும் வெறுமையாக ஓடும் வண்டிக்குக் கடினமாக இருக்கும். வெறும் வண்டிக்கென்று செய்த பிளேட் என் சுமையில் அமுங்கிப் பழைய உயரத்துக்கே இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் ஏ.ஆர்.பி. நிறுவனம் ‘ஓல்ட் மேன் ஈமு’ என்ற பெயரில் விற்கும் ஸ்பிரிங்குகளை, வண்டி நிலையாகச் சுமக்கும் எடையைப் பொறுத்தே வகைப்படுத்துகிறது. நம் ஊரில் அதே பெட்டிகளை இறக்கி விற்கும் பலர் அந்த வகையைக் குறிப்பிடுவதே இல்லை. கிடைத்தது எதுவோ அதை ‘இரண்டு இன்ச் செட்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சரியான பாகம் கிடைக்காதபோது வேறு வழிகள் முளைக்கின்றன, அவற்றில்தான் உயிராபத்து இருக்கிறது. முன் ஷாக்கின் தலைக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டத்துக்கும்) நடுவே லேத்தில் கடைந்த ஓர் இரும்பு வளையத்தை வைத்துவிட்டால் போதும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஷாக் கீழ் ஆர்மின் இடைப்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால், மேலே வைக்கும் 20 மில்லிமீட்டர் வளையம் சக்கரத்தில் ஏறக்குறைய இருமடங்கு உயர்வாகத் தெரியும். பார்க்கப் பெரிய பலன் போலிருக்கும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முன்பிருந்ததைவிடக் கீழே இறங்க இடம் கொடுத்துவிடுவதால், மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) தன் எல்லையைத் தாண்டி வளைகிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் சி.வி. ஜாயின்ட்டும் (முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் மூட்டும்) தனக்குரிய கோணத்தை மீறிச் சுழல்கிறது. கொண்டை ஊசி வளைவில் பால் ஜாயின்ட் கழன்றால் என்ன ஆகும் என்று மலை ஏறுபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்பக்கத்துக்கு அவர்கள் சொன்ன வழி பிளேட்டை நெருப்பில் காய்ச்சி வளைத்துக் கொடுப்பது. பழைய லாரிகளுக்கு இதைத் தலைமுறையாகச் செய்து வருகிறோம் என்றார்கள். அந்த உழைப்பாளிகளின் கைத்திறன் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆயினும் ஸ்பிரிங் எஃகு தொழிற்சாலையில் அளவான சூட்டில் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. உலையில் கண்மதிப்பாகக் காய்ச்சும்போது அந்தப் பதம் கெடுகிறது. அப்படி வளைத்த பிளேட் சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும், அல்லது பிளேட்டுகளை நடுவில் பிணைக்கும் சென்டர் போல்ட்டின் துளையருகே முறியும். பிளேட்டின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்குவதும் பாதி வழியே, அதனால் அச்சின் சாய்கோணம் மாறி என்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் அதிர்வு வரும்.

பிரேக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் கேட்ட வரையில் இதைப் பேசுவோர் அரிது. பல பிக்கப் வண்டிகளில், குறிப்பாகப் பழைய மாடல்களில், பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு சிறு கம்பியால் இணைந்த ஒரு வால்வு உண்டு. சுமை ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், வெறுமையாக உயர்ந்தால் குறைக்கும். பின்பக்கத்தை இரண்டு இன்ச் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், சுமை நிறைந்திருந்தாலும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். இறக்கத்தில் சுமையோடு வருபவருக்கு இதைவிட மோசமான மாற்றம் வேறில்லை. அந்தக் கம்பிக்கான சிறு தாங்கியும், சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாத நீளமுள்ள பிரேக் ஹோஸும் (பிரேக் எண்ணெய்க் குழாயும்), பிளேட்டை அச்சோடு கட்டும் புதிய யூ போல்ட்டுகளும் செட்டோடு வர வேண்டியவை. வாங்கிய செட்டில் இவை இல்லையென்றால் அது பாதி செட்தான். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது, அது ஒருமுறை இழுத்து முறுக்கப்பட்டு நீண்டது. புதியதையும் ஓடத் தொடங்கிய முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டோடு முகப்பு விளக்கின் கோணத்தையும் இறக்க வேண்டும். இதை மறப்பவர்களால்தான் இரவில் எதிரே வருபவர் கண் கூசுகிறது.

போலிப் பாகங்களும் இந்தச் சந்தையில் உண்டு. வாயு நிரப்பிய ஷாக்கின் தண்டை அழுத்திவிட்டால் தானாக மேலே வர வேண்டும், அசையாமல் கிடந்தால் வாங்க வேண்டாம். ‘லிஃப்ட்’, அதாவது உயர்த்திய வண்டிக்கானது, என்று விற்கும் ஷாக்கின் முழு நீட்ட அளவைப் பழைய ஷாக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நீளம் என்றால் வெறும் நிறம் மாறிய சாதாரண ஷாக் அது, பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று முட்டி உள்ளே இருக்கும் வால்வை உடைக்கும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. ஷாக், பால் ஜாயின்ட், பிளேட் ஆகியவற்றை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது என்பது என் கருத்து. பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று ஆசை காட்டுபவர்களுக்கும் இணங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, பெரும்பாலான பாகங்களுக்கு அதுவரை 28 விழுக்காடு இருந்தது. பில் இல்லாத பாகம் முறிந்தால் நுகர்வோர் ஆணையத்தில் நம் பக்கத்தை நிரூபிப்பது கடினம்.

இனி அரசின் கவனத்துக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டுப் பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தக் கண்டிப்பை நான் குறை கூறவில்லை. ஒன்றரை அடி உயர்த்தி, வண்டியின் ஓரத்துக்கு வெளியே நீட்டி நிற்கும் சக்கரம் மாட்டி ஊருக்குள் பாய்பவர்களைத் தடுக்க அது தேவை.

ஆனால் அதே திருத்தம் 52-ஆம் பிரிவில் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வாகன மாற்றங்களுக்கான தர அளவுகளையும், ஒப்புதலுக்கும் பொருத்துவதற்குமான நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்றும், அவ்வாறு செய்யும் மாற்றத்தால் உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் செல்லாததாகக் கருதப்படாது என்றும் சட்டமே சொல்கிறது. பெட்ரோல் வண்டியில் எரிவாயு கிட் பொருத்துவதற்கு, ஒப்புதல் பெற்ற கிட், ஒப்புதல் பெற்ற பணிமனை, பதிவுச் சான்றில் பதிவு என்ற ஒழுங்கான முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அதே முறையைச் சிறிய அளவிலான சஸ்பென்ஷன் உயர்வுக்கும் ஏன் கொண்டுவரக் கூடாது? ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் சஸ்பென்ஷன் வழியாக 50 மில்லிமீட்டர் வரையிலான உயர்வுக்குத் தனிப் பொறியாளர் சான்று தேவையில்லை, அதற்கு மேல் சான்றில்லாமல் முடியாது. எல்லை எங்கே என்று வாங்குபவருக்கும் தெரிகிறது, விற்பவருக்கும் தெரிகிறது, காவலருக்கும் தெரிகிறது.

சோதிப்பதற்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் மத்திய அரசின் உலகத் தரமான வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செய்வதற்கும் ஆளில்லாமல் இல்லை. பாடியில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் போல்ட் செய்கிறது. சென்னையின் ராணே குழுமம் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகள் செய்கிறது. ஓசூரில் கேப்ரியல் ஷாக் அப்சார்பர் செய்கிறது. உலகெங்கும் வண்டிகளுக்குப் பாகம் அனுப்பும் இந்த மண்ணில், மலை விவசாயி ஒருவன் ஒன்றரை இன்ச் உயரத்துக்காகத் தாய்லாந்துப் பெட்டிக்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கிறது. சட்டபூர்வமான சந்தை இல்லாததால்தான் இந்த நிறுவனங்கள் இதற்குள் வரத் தயங்குகின்றன என்று நினைக்கிறேன்.

ஆகவே 40 அல்லது 50 மில்லிமீட்டர் என்று ஓர் எல்லையை வகுத்து, அதற்குட்பட்ட செட்டுகளை ஒரகடத்தில் சோதித்துச் சான்றளிக்கவும், வண்டியின் தலைமுறை, தாங்கும் நிலைச்சுமை, உடன் வர வேண்டிய பிரேக் பாகங்கள் ஆகிய மூன்றையும் பெட்டியின் மேல் அச்சிடுவதைக் கட்டாயமாக்கவும், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தைத் தமிழக அரசு வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் வண்டியைத் தொழிற்சாலை உயரத்திலேயே ஓட்டுவதென்று முடிவு செய்து, காப்புத் தகட்டை மட்டும் கனமானதாக மாற்றியிருக்கிறேன். நடுமேட்டை மண்வெட்டியால் சீவிக்கொள்கிறோம். பொருந்தாத அந்தப் பாகங்கள் பெட்டியோடும் பில்லோடும் என் காப்பிக் களத்து அறையில் இருக்கின்றன. இதை ஆராய விரும்பும் போக்குவரத்துத் துறை அதிகாரி எவரானாலும் அவரிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தாண்டிக்குடி மலைப்பகுதி விவசாயி ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்