பேத்தியிடம் கையால் பேசு

அன்பு மகளே,

பாப்பாவுக்குக் காது கேட்காது என்று உறுதியாகிவிட்டதை நேற்று வீடியோவில் சொல்லிவிட்டு அழுதாய். அவளை நினைத்து எனக்குத் துக்கம் வரவில்லை கண்ணு. இனி அவளிடம் சைகையில் பேசாதீர்கள், பேச்சு வராமல் போய்விடும் என்று தெரபிஸ்ட் சொன்னாராமே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இது பழைய கதை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூட்டினார்கள். கூடியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். வாய்ப்பேச்சுதான் உயர்ந்தது, வகுப்பில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம் நாடு நாடாகப் பரவி, காது கேளாத நான் படித்த பள்ளி வரைக்கும் வந்தது. கை அசைந்தால் ஸ்கேல் விழும். டீச்சர் என் விரல்களைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், அப்புறம் என் தொண்டையில். ஒரே ஒரு எழுத்துக்குக் காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். கணக்கும் வரலாறும் எனக்கு வந்தது விடுதியில், பெரிய அக்காமார் கைகளிலிருந்து. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருஷப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

உறவுக்காரர்கள் கூடும் வீட்டில் என்னை நீ பார்த்திருக்கிறாய். எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள். பணமும் மனமும் உதட்டில் ஒன்றுதான். பேசுகிறவர் முகத்தைத் திருப்பினால் அதுவும் இல்லை. அரை நாள் அப்படிக் கூர்ந்து பார்த்தால் கண் எரிந்து தலை வலிக்கும்.

இதே காதோடுதான் எங்கள் காது கேளாதோர் சங்கத்துக்கும் போகிறேன். வட்டமாக உட்காருவோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் அத்தனை பேரும் திரும்புவார்கள். கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவோம். அங்கே எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் பரம்பரையாகக் காது கேளாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே காது கேட்பவர்களும் சைகை மொழி பேசினார்கள். காது கேளாதவர்களை யாரும் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைப்பதா வேண்டாமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வைத்தாலும் ஒலியைப் பழக மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும், பலனும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுபோல் இருக்காது. தூங்கும்போதும் அதன் வெளிப்பகுதியைக் கழற்றிவைப்பாள். மொழி அதுவரைக்கும் காத்திருக்காது. முதல் சில வருஷங்களில் முழுதாக ஒரு மொழி கிடைக்காத பிள்ளைக்குப் பிற்பாடு எல்லாமே இழுபறி. சைகை பேச்சைத் தடுக்காது. நீயே கைமொழியும் வாய்மொழியும் சேர்ந்து வளர்ந்தவள். சைகை பார்த்து வளரும் குழந்தை மற்றக் குழந்தைகள் மழலை பேசும் வயதில் விரல்களால் மழலை பேசும். நீ பேசினாய், நான் பார்த்தேன்.

உன்னைவிட எனக்கு மாப்பிள்ளையைப் பற்றித்தான் யோசனை. சைகையில் "சாப்பிட்டீங்களா" தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா சொன்னதை அம்மா வந்து சொன்னால்தான் தெரியும் என்ற நிலை என் பேத்திக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவரை வீடியோவுக்கு வரச் சொல், நான் சொல்லித் தருகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்காதே.

அம்மா